மண்டிக்கு மேலே ஒரு நகல்

காலையில் கண் விழித்ததும் வளர்மதி சாமி படத்தைப் பார்ப்பதில்லை. செல்போனைத்தான் பார்ப்பாள். அதில் ஒரு எண் நிற்கும். அன்றைக்குக் காப்பி ருசிப்பதும் கசப்பதும் அந்த எண்ணின் கையில். ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒரு நாளும் ருசிக்கவில்லை.

அது என்ன எண் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடலாம். சென்னையில் தெருவுக்குத் தெரு கிளை வைத்திருக்கிற ஒரு ரத்தப் பரிசோதனைக் கம்பெனி. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அங்கே கையை நீட்டி ரத்தம் கொடுக்கிறார்கள். சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று வருகிற முடிவுகளும், கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தடவி எடுத்த படங்களும் சென்னையில் ஒரு பெரிய சேமிப்புப் பெட்டியில் போய் விழுகின்றன. அந்தப் பெட்டிக்கு ஒரு ஜோடி உண்டு. அது செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில், நிலக்கடலை மூட்டைகள் வந்து இறங்கிய பழைய மல்லாட்டை மண்டியின் மாடியில் இருக்கிறது. சென்னைப் பெட்டியில் விழுவதெல்லாம் கையோடு செஞ்சிப் பெட்டியிலும் விழ வேண்டும். நடுவில் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கண்ணாடி இழை. சென்னைப் பெட்டிக்குச் சமமாக நிற்காமல் செஞ்சிப் பெட்டி எவ்வளவு நேரம் பின்தங்கி இழுக்கிறது என்பதுதான் அந்த எண். ஆபீசில் அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர் இருக்கிறது. வளர்மதி வைத்த பேர் இழுவை. நல்ல காலத்தில் இழுவை ஐந்து நிமிஷம் இருந்தது. இப்போது ஐந்து மணி நேரம்.

பெரிய படிப்பு படித்தவர்கள் இதைச் சொல்லப் படம் போட்டு அரை நாள் எடுத்துக்கொள்வார்கள். இங்கே ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. படிப்பு ஏழாவதோடு நின்றுபோன, இதை எழுதுகிற கைக்கு இவ்வளவு வருமென்றால், மீதிக் கதையையும் நம்பிக் கேட்கலாம்.

வளர்மதி இந்த ஊர்ப் பெண். சிங்கவரம் போகிற வழியில் காலனியில் பிறந்தவள். அவளுடைய நைனா பெரியதம்பி மண்டியில் மூட்டை சுமந்தார். எந்த மண்டி? இன்றைக்கு அந்தப் பெட்டி இருக்கிறதே, அதே மண்டி. அந்தக் காலத்தில் மாடியில் மண்டிக்காரரின் கணக்கறை இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் ஏணிப்படியில் கால் வைக்கக்கூடாது. பெரியதம்பி இருபது வருஷம் கீழேயே நின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவருடைய மகள் விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய்க் கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் வேலை பார்த்து, இன்றைக்கு அந்த மாடிக்குச் சாவி வைத்திருக்கிறாள். இதில் என்ன பெரிய பெருமை என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவர்களுக்கு ஒவ்வொரு படியும் தெரியும்.

ஆனால் அந்தச் சாவிக்கு அவள் கொடுத்தது கொஞ்சமில்லை. மகள் நிலாவுக்கு இரண்டு வயதாகும்போது வளர்மதிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. புருஷன் இளவரசன் செஞ்சி டிப்போவில் கண்டக்டர். அவனை ஊரைவிட்டு நகர்த்த முடியாது. குழந்தையை அவனுடைய அக்கா விருத்தாம்பாளிடம் விட்டுவிட்டு வளர்மதி ஹாஸ்டலில் தங்கினாள். வாரக் கடைசியில் வருவாள். நிலா விருத்தாம்பாளை அம்மா என்றாள். பெற்றவளை மெட்ராஸ் அம்மா என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுகையில் வளர்மதி அழுவாள். குழந்தை அழாது. அதுதான் அவளை அதிகம் அறுத்தது.

பிறகு சென்னையில் அந்தப் பெருவெள்ளம் வந்தது. கம்பெனியின் கம்ப்யூட்டர் அறை தரைக்குக் கீழே இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் பெட்டிகள் மிதந்தன. ஒரு வாரத்து ரத்தக் கணக்கு போன இடம் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் முதலாளிக்கு இரண்டாவது பெட்டி என்கிற ஞானம் பிறந்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவரான நெடுமாறன் கூட்டம் போட்டு எங்கே வைக்கலாம் என்று கேட்டார். ஒருவர் பெங்களூர் என்றார், இன்னொருவர் ஹைதராபாத் என்றார். கடைசி நாற்காலியிலிருந்து வளர்மதி செஞ்சி என்றாள். கடல் கிடையாது, சுற்றிலும் பாறை, மழை பெய்தால் வழிந்து ஓடிவிடும், வாடகை மலிவு என்று அடுக்கினாள். ஒரு பையன் பெட்டியை ராஜகிரிக் கோட்டை உச்சிக்குத் தூக்கக் கழுதை பிடிக்கலாமா என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நெடுமாறன் மட்டும் வாடகை எவ்வளவு என்று கேட்டார்.

கம்பெனி ஒத்துக்கொண்டது வாடகைக்காக. வளர்மதி கேட்டது வீட்டுக்காக. இரண்டும் ஒரே மாடியில் ஒத்துப்போயின.

முதல் நகலைக் கம்பியில் அனுப்பவில்லை. அத்தனை வருஷத்துச் சரக்கும் கம்பி வழியே வந்து சேர மாதக்கணக்காகும். அதனால் ஒரு டிஸ்க் பெட்டியில் எல்லாவற்றையும் ஏற்றி, வளர்மதி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். இளவரசனின் பஸ். பெண்டாட்டி என்றும் பார்க்காமல் அவன் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தான். அதற்கப்புறம் புதிதாக விழுவது மட்டும் கம்பியில் வந்தால் போதும் என்று ஆயிற்று. வளர்மதி ஊரோடு வந்துவிட்டாள். அப்போது நிலாவுக்குப் பத்து வயது. முதல் சில மாதம் ஒவ்வொரு ஞாயிறும் அவள் மெட்ராஸ் அம்மாவிடம் எப்போது கிளம்புவாய் என்று கேட்டாள். கோபமாக அல்ல. பஸ் நேரம் கேட்பது மாதிரி.

இப்போது நிலா பன்னிரண்டாவது படிக்கிறாள். கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் இழுவை ஏறியது.

நெடுமாறன் ஒருநாள் போன் செய்தார். கெட்ட மனிதர் அல்ல, அவரும் களைத்தவர்தான். தீபாவளி கழிந்த ஞாயிறு ஒத்திகையாகச் சென்னைப் பெட்டியை வேண்டுமென்றே நிறுத்தப்போகிறார்களாம். அன்று முழுக்கக் கம்பெனி செஞ்சிப் பெட்டியில் ஓட வேண்டும். நிறுத்தும் நேரத்தில் இழுவை கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தால் செஞ்சியை மூடிவிட்டு ஹைதராபாத்துக்கு மாற்றுவது என்று முதலாளி முடிவு செய்துவிட்டார்.

"உங்களுக்கு அங்க வேலை உண்டு, வளர்மதி. ஹைதராபாத் நல்ல ஊருதான்," என்றார்.

அவள் சரி சார் என்று சொல்லி வைத்துவிட்டாள். வேறு என்ன சொல்வது? மறுபடி ஹாஸ்டல், மறுபடி வாரக் கடைசி. இந்தத் தடவை வாரக் கடைசிகூடக் கிடையாது. மகள் காலேஜுக்கென்று வீட்டை விட்டுப் போகுமுன் இருக்கிற கடைசி வருஷம் இது.

அன்றிலிருந்து அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வருகிற சரக்கைச் சுருக்கி அனுப்பிப் பார்த்தாள். முடிவுகள் சுருங்கின. படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை, அழுத்தினாலும் அப்படியே நின்றன. ஒரே படம் நாலு இடத்தில் கிடந்தால் ஒரு தடவை மட்டும் அனுப்பும்படி செய்தாள். சென்னை ஆபீஸ் பையன்கள் தினமும் முழுக் கணக்கையும் இன்னொரு பிரதி எடுத்து அதே பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். பயன் இல்லாத அந்தக் குப்பையும் பாவம் கம்பியேறி செஞ்சிக்கு வந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்து நிறுத்தினாள். அவசரமான முடிவுகள் முன்னால், படங்கள் பின்னால் என்று வரிசை மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும் இழுவை கொஞ்சம் இறங்கும். அவள் மூச்சு விடுவாள். மத்தியானம் கிளைகளில் கூட்டம் சேர்ந்ததும் மறுபடி ஏறிவிடும். டீ வாங்கி மேஜையில் வைப்பாள், அது ஆடை கட்டிக் கிடக்கும். கண்ணுக்குக் கீழே கருத்துப்போனது. யாராவது கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது.

இளவரசன் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். "நான் டெய்லி மெட்ராஸ் போய்ட்டு வரேன். உன் ஃபைலுங்கள மூட்ட கட்டி என் பஸ்ல போடு. உன் ஒயர விட நான் சீக்கிரமா சேத்துடுவேன்."

"லக்கேஜ் டிக்கெட்டு போடுவியா?"

"போடாம? செக்கிங் வந்தா உங்க நைனாவா கட்டுவாரு?"

அவள் சிரிக்கவும் செய்தாள். ஆனால் தட்டில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

கடைசியில் தன் பக்கம் குற்றமில்லை, சென்னைப் பக்கமும் இல்லை என்று முடிவுக்கு வந்தாள். அப்படியென்றால் நடுவில்தான். நடுவில் இருப்பவர் சுந்தரமூர்த்தி.

சுந்தரமூர்த்தியைத் தெரியாதவர்கள் செஞ்சியில் இல்லை. கூட்ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் ஒத்துவராமல் ஆறாவதோடு வெளியே வந்தவர். இந்த ஊருக்கு முதலில் கேபிள் டிவி கொண்டுவந்த கை அவருடையது. கம்பத்தில் ஏறி, பனைமரத்தில் ஏறி, மாடிக்கு மாடி தாண்டித் தாமே ஒயர் இழுத்தார். அப்புறம் டிவி ஒயர் போய்க் கண்ணாடி இழை வந்தபோது வேலைக்கு வைத்த பையன்களை நம்பாமல் அதையும் தாமே கற்றுக்கொண்டார். இன்றைக்கு பேங்க், தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அவர் லைன். தாமாக வளர்ந்த மனிதர் கொஞ்சம் நிமிர்ந்து பேசினால் அதைத் திமிர் என்று சொல்லக்கூடாது.

வளர்மதி போன் செய்து லைனில் கோளாறு இருக்கலாம் என்றதும் அவருக்கு முகம் சுண்டிப்போனது, போனிலேயே தெரிந்தது. "இன்னா வளரு, என் லைன்லயா? மேல்மலையனூர் அமாவாசைக்குக் கூட்டம் சேந்தா ஊர்ல இருக்கிற டவரெல்லாம் படுத்துக்கும். என் ஒயரு படுத்துதா சொல்லு?"

பச்சை விளக்கு எரிகிறது என்றார். விழுப்புரம் வரைக்கும் வேகம் ஓட்டிப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினார். சொன்ன வேகம் அப்படியே இருந்தது. வளர்மதிக்கும் அதுதான் புரியவில்லை. பக்கத்து ஊருக்கு ஓடுகிற கம்பி சென்னைக்கு மட்டும் ஏன் நொண்டுகிறது?

அதை இரண்டு நாள் யோசித்து அவளே பிடித்தாள். அவள் பிடித்ததை அவளுடைய நைனாவின் தொழிலை வைத்துச் சொன்னால் யாருக்கும் புரியும். மண்டியில் வண்டியடியில் மேஸ்திரி நிற்பார். கிடங்கு வாசலில் கணக்குப்பிள்ளை நிற்பார். ஒரு மூட்டை உள்ளே போனதும் கணக்குப்பிள்ளை "ஆச்சு" என்று குரல் கொடுப்பார். ஆச்சு வந்த பிறகுதான் அடுத்த மூட்டை என்றால் வண்டி பொழுதுக்கும் நிற்கும். அதனால் மேஸ்திரி வரிசையாக ஆட்களை அனுப்பிக்கொண்டே இருப்பார். வழியில் யாராவது மூட்டையைத் தவறவிட்டால் அவருக்குப் பயம் வந்துவிடும். பாதை சரியில்லை என்று பாதிப் பேரை நிறுத்திவிடுவார். அப்புறம் ஒவ்வொரு ஆச்சு கேட்கக் கேட்க ஒவ்வொருவராகச் சேர்ப்பார். வண்டி கிடங்கு வாசலிலேயே நின்றால் ஆச்சு உடனே கேட்கும், வரிசை சீக்கிரம் நிறைந்துவிடும். வண்டி நாலு தெரு தள்ளி நின்றால், ஆச்சு வந்து சேர்ந்து வரிசை நிறைவதற்குள் இன்னொரு மூட்டை விழும். மறுபடி பாதி.

கம்பியிலும் சரக்கு இப்படி மூட்டை மூட்டையாகத்தான் போகிறது. விழுப்புரம் வாசல். சென்னை நாலு தெரு. நூறு மூட்டைக்கு ஒன்று எங்கேயோ விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து ஓட்டத்தில் அது தெரியாது. தூரத்து ஓட்டத்தை அது ஒன்றே முடமாக்கிவிடும். இதை இவ்வளவு லேசாக எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

வளர்மதி சுந்தரமூர்த்தியின் அறைக்குப் போனாள். காந்தி பஜார் பக்கத்துச் சந்தில், அவர் வீட்டு மாடியில் இருக்கிறது. வேலைக்காரர்களைக்கூட அவர் அங்கே விடமாட்டார். செருப்பைக் கீழே விடச் சொன்னார். உள்ளே ஏசி குளிர் கோயில் கருவறை மாதிரி இருந்தது. அங்காளம்மன் படம், அதற்கு ஒரு சின்ன விளக்கு. இரும்பு அடுக்கில் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் குங்குமம். பெட்டிகளோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஒயரின் கழுத்திலும் பொட்டு.

வளர்மதி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆயுத பூஜைக்கு ஒயர கழட்டினீங்களாண்ணா?"

"கழட்டாம? நீதான இந்த வருசம் ஒரு மணி நேரம் நிறுத்திக்கன்னு சொன்ன. எல்லா வருசமும் ஓட்டத்துலயே பொட்டு வெச்சி மனசு ஆறல எனக்கு. இந்த வாட்டி ஒவ்வொண்ணா கழட்டி, தொடச்சி, பொட்டு வெச்சி மாட்டினேன். ஆள வுட்டு செய்யல. நானே செஞ்சேன்."

"சந்தனம் ஒயரோட மூக்கு நுனியில பட்டுச்சா?"

"லேசா வழிஞ்சுது. வேட்டியில தொடச்சிட்டேன். பளபளன்னு இருக்குது, வேணும்னா பாரு."

சொன்னது வளர்மதிதான். லீவு நாளில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் என்ன என்று அலுப்பில் சரி என்றிருந்தாள். இப்போது அதை நினைத்து நொந்துகொள்ளக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மெதுவாகச் சொன்னாள். பழைய டிவி ஒயர் செம்பு, அதில் சந்தனம் பட்டாலும் சாம்பல் பட்டாலும் ஒன்றுமில்லை. இது கண்ணாடி. தலைமுடியை விடச் சின்ன இழையில் வெளிச்சம் ஓடுகிறது. அதன் வாயில் சந்தனத்தின் ஒரு மெல்லிய படலம் இருந்தாலும் வெளிச்சம் மங்கிப் போகும். பச்சை விளக்கு எரியும். மூட்டை மட்டும் விழும்.

சுந்தரமூர்த்தி கேட்டுக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் முதலில் சிரிப்பு இருந்தது, பிறகு இல்லை.

"சாமிக்கு வெச்ச பொட்டாலயா லைன் கெடும்னு சொல்ற?"

"பொட்டுன்னு சொல்லலண்ணா. மூக்குல பட்டது."

"அதான். தொடைக்கணும்ன்ற. இந்த ஒயருதான் எனக்குச் சோறு போட்டுது. பஞ்சர் ஒட்டிக்கினு இருந்தவன இந்த வூடு கட்ட வெச்சுது. அதுக்கு வெச்ச பொட்ட நான் தொடைக்க மாட்டேன். நீயும் கைய வெக்காத."

வளர்மதிக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. நெடுமாறனுக்கு ஒரு வரி எழுதினால் போதும், கம்பெனி நாளைக்கே சுந்தரமூர்த்தியை மாற்றிவிட்டு வேறு லைன் எடுக்கும். ஆனால் புது லைன் வருவதற்குள் ஒத்திகை நாளும் போய்விடும், இந்த மனிதரின் பேரும் போய்விடும். இன்னொரு வழி, இங்கேயே உட்கார்ந்து வாதாடுவது. அவளுக்கு வாதாடிப் பழக்கமில்லை, தெம்பும் இல்லை. கை தன்னால் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் அவள் கேட்டாள்.

"தொடைக்க வேணாம்ணா. மூக்கையே வெட்டிட்டு புது மூக்கு வெச்சா?"

கண்ணாடி இழையை ஒட்டுகிற மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. இந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் அது கிடையாது. அதை வாங்கிய நாளில் தேங்காய் உடைத்தவர். அவர் பார்வை அந்த மெஷின் இருந்த அலமாரிக்குப் போவதை வளர்மதி பார்த்தாள்.

"மூக்குக்கும் வயசாயிருக்கும்," என்றார் அவர் மெதுவாக.

"இருக்கும்ணா."

"வயசானத மாத்தலாம். அதுல தப்பில்ல."

அன்று மத்தியானமே செய்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. கை நடுங்கவில்லை. அந்த வயசில் அந்தக் கை நடுங்கவில்லை என்பதை இங்கே குறித்து வைக்க வேண்டும். வெட்டிய பழைய நுனியைப் பொட்டோடு மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் படத்துக்கு அடியில் வைத்தார். மற்ற ஒயர்களையும் மறுநாள் ஒவ்வொன்றாக மாற்றினார், பேங்க் ஒயர் உட்பட. வளர்மதி கேட்கவில்லை. அவராகச் செய்தார். கம்பெனிக்கு அவள் எழுதியது ஒரே வரி. இணைப்பு நுனி பழசாகிவிட்டது, மாற்றியாயிற்று.

அவளுடைய ஒயரை மாற்றிய அன்று சாயங்காலமே இழுவை இறங்க ஆரம்பித்தது. அவள் முன்னால் செய்து வைத்த சுருக்கலும் குப்பை நீக்கலும் அதுவரை அந்தச் சந்தனத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்தன. இப்போது எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. பழைய நல்ல காலத்து ஐந்து நிமிஷத்தையும் தாண்டி இறங்கி, ஒரு நிமிஷத்துக்குக் கீழே போய் நின்றது.

ஒத்திகை நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னைப் பெட்டியை நிறுத்தினார்கள். கிளைகளில் கையை நீட்டியவர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்களுடைய சர்க்கரையும் உப்பும் அன்று முழுக்க மல்லாட்டை மண்டி மாடியில் வந்து விழுந்தன. வளர்மதி காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழவில்லை. கீழே சாலையில் கரும்பு டிராக்டர் போகிற சத்தம் கேட்டது. மத்தியானத்துக்கு மேல் நெடுமாறன் பேசினார். நன்றாக இருக்கிறது என்றார், முதலாளிக்குச் சந்தோஷம் என்றார். பெட்டி செஞ்சியிலேயே இருக்கும். அவள் கண்ணை மூடினாள்.

நெடுமாறன் அத்தோடு நிறுத்தவில்லை. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் இதே மாதிரி பெட்டி வைக்கப்போகிறார்களாம். மூன்றுக்கும் சேர்த்துத் தலைமை அவளுக்கு. சென்னை ஆபீசில் இடம் ஒதுக்கியாயிற்று.

"செஞ்சியில இனிமே ஆள் எதுக்கு, வளர்மதி? அது தானா ஓடுது. சாவிய அந்த லைன்காரர்கிட்ட குடுத்துட்டு வந்துடுங்க."

இதுதான் அவள் எதிர்பார்க்காதது. இழுவையை இறக்கி இறக்கித் தன்னையே வேண்டாதவளாக்கிக்கொண்டிருந்தாள். தோற்றிருந்தால் ஹைதராபாத். ஜெயித்தால் சென்னை. இரண்டு வழியிலும் ஞாயிற்றுக்கிழமை பஸ்தான் நின்றது. யாராயிருந்தாலும் அந்த இடத்தில் சரி சார் என்றிருப்பார்கள். ஹைதராபாத் என்றபோது அவளும் அப்படித்தான் சொன்னாள். களைத்துப்போன உடம்புக்குச் சில நேரம் பயம் விட்டுப்போகும். அவள் சொன்னாள்:

"சார், இன்னைக்கு முழுக்க பெட்டி இங்க இருந்துக்கினே மெட்ராஸ் வேலைய பாத்துச்சு. அத விட்டுட்டு என்னை மட்டும் எதுக்கு சார் கூப்புடுறீங்க? மூணையும் நான் இங்க இருந்தே பாக்க மாட்டேனா?"

நெடுமாறன் சிரித்தார். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டும் சொன்னார். மறுநாள் வேலை முடிகிற நேரத்தில் கூப்பிட்டார். வாரத்தில் இரண்டு நாள் சென்னைக்கு வந்து போக வேண்டும், மீதி நாள் செஞ்சியில் இருக்கலாம். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லையாம்.

முழுசாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொண்டு வளர்மதி வீட்டுக்கு நடந்தாள். இரண்டு நாள் என்றால் விடியுமுன் பஸ், இருட்டிய பிறகு பஸ், முதுகு வலி. அதை நினைக்கவே அவளுக்கு மலைப்பாக இருந்தது.

வீட்டில் விருத்தாம்பாள் முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிலா கெமிஸ்ட்ரி புத்தகத்தை மடியில் விரித்துச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். வளர்மதி செருப்பை உதறிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னாள். விருத்தாம்பாள் கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டு நாளுதான, நான் பாத்துக்குறேன் போ," என்றாள்.

நிலா பக்கத்தைப் புரட்டினாள். புரட்டிய பக்கத்தைப் படித்த மாதிரி தெரியவில்லை.

"எந்த ரெண்டு நாளு?" என்றாள்.

"நம்ம இஷ்டந்தான். செவ்வா, புதன்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"செவ்வா வேணாம்."

"ஏன்?"

"செவ்வாக்கெழம ஸ்கூல்ல பேரண்ட்ஸ கூப்புடுறாங்க, மாசத்துக்கு ஒருவாட்டி. அத்தைய இட்டுனு போனா மிஸ்ஸு அம்மா வர்லியான்னு கேக்குறாங்க. நீயே வா."

விருத்தாம்பாளின் கை ஒரு கணம் கீரையில் நின்றது. பிறகு மறுபடி ஆயத் தொடங்கியது. வளர்மதி செல்போனை எடுத்தாள். நெடுமாறனுக்குப் புதன், வியாழன் என்று அனுப்பினாள். நிலா காலை நீட்டிக்கொள்ள இடம் கேட்டு அவளைக் கொஞ்சம் தள்ளினாள். வளர்மதி நகர்ந்து உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, கீரை ஆய்ந்து முடிவதற்குள் தூங்கிப்போனாள்.